குவார்ட்டர் 140 ரூபாய், மாதம் உண்மையில் எவ்வளவு போகிறது?

கணக்கர்_திருப்பூர் (இழையைத் தொடங்கியவர்) · சனி இரவு 10.20

பனியன் கம்பெனி ஒன்றில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பவர் டேபிள் டெய்லர் ஒருவருக்கு வாரம் நாலாயிரத்து ஐநூறு, ஐயாயிரம் வரை கைக்கு வரும். புதன்கிழமை ஆனால் அதே ஆள் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். "அண்ணா, ஒரு ஐநூறு அட்வான்ஸ்." என்ன செலவு என்று கேட்டால் வாடகை, பிள்ளைக்குக் காய்ச்சல், மொய் என்று ஏதாவது வரும். குடியைச் சொல்லவே மாட்டார்கள். மிஞ்சிப்போனால் "தினம் ஒரு குவார்ட்டர்தாங்க, அதுக்கு என்ன ஆகிடப் போகுது" என்பார்கள்.

இந்த "ஒரு குவார்ட்டர்தான்" என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை. 2024 பிப்ரவரியில் விலை ஏறிய பிறகு சாதா ரகம் 180 மி.லி. 140 ரூபாய். முப்பது நாளைக்கு 4,200. ஆனால் என் அட்வான்ஸ் நோட்டில் இருக்கும் தொகைகளோடு இது ஒத்தே போகவில்லை. பாரில் உட்கார்ந்தால் டம்ளர், தண்ணீர், சுண்டல் அல்லது ஆம்லெட், இரண்டு சிகரெட். நான் விசாரித்த வரை பாட்டில் விலை அளவுக்கு இதற்கும் ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு உட்கார்ந்தால் ஒன்றோடு நிற்பதில்லை. திங்கள் வேலைக்கு வராவிட்டால் அன்றைய ஒன்றரை ஷிப்ட் போச்சு, அது ஒரு எழுநூற்று ஐம்பது. எல்லாம் சேர்த்தால் 4,200 என்று சொல்கிற ஆளுக்குப் பத்தாயிரத்தைத் தொடுகிறது. மாதச் சம்பளமே இருபதாயிரம்தான்.

குடிக்கிறவன் நல்லவனா கெட்டவனா என்ற பேச்சு வேண்டாம். உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் எவ்வளவு ஆகிறது, எந்த வழியாக ஆகிறது என்று எழுதுங்கள். குடிக்கிறவர்கள், விட்டவர்கள், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் எழுதலாம்.

---

தரமணிவாசி · சனி இரவு 10.58

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்துக் கணக்கு இது. டாஸ்மாக்கில் இருநூறு ரூபாய்ச் சுமாருக்குக் கிடைக்கும் பீர், ஹோட்டல் பாரில் ஐநூறு, அறுநூறு. சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., மதுவுக்குத் தனி வரி, மேலே சர்வீஸ் சார்ஜ். நான்கு பேர் உட்கார்ந்தால் எட்டாயிரத்துக்குக் குறைந்து எழ முடியாது.

இதில் யாரும் கவனிக்காத விஷயம் பில்லைப் பிரிக்கிற விதம். எல்லோருக்கும் சம பங்கு. ஒரு பீரோடு நிறுத்தியவனும் ஐந்து பெக் அடித்தவனும் ஒரே தொகைதான் தர வேண்டும். எலுமிச்சை ஜூஸ் குடித்த பெண்ணும் இரண்டாயிரம் தருகிறாள். குறைவாகக் குடித்தால் அடுத்தவனுக்குக் காசு கட்டுகிறோம் என்ற எண்ணம் வந்துவிடும், அதனால் எல்லோரும் இன்னும் ஒன்று சொல்வார்கள். அப்புறம் ட்ரீட். ப்ரமோஷன், புது பைக், வேலையை விட்டுப் போவது எல்லாவற்றுக்கும். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு கேப்பில் வீடு, மறுநாள் போய் எடுக்க இன்னொரு ஆட்டோ.

எனக்கு மாதம் பன்னிரண்டாயிரம் வரை ஆகிறது. தங்கியிருக்கிற அறைக்கு வாடகை ஒன்பதாயிரம். கிரெடிட் கார்டில் போவதால் வெள்ளி இரவு எதுவும் உறைக்காது.

---

வேலுமணி_பொள்ளாச்சி · சனி இரவு 11.15

தென்னை மரத்தில் கள் இறக்க விட்டால் இந்த 140 ரூபாய்ப் பேச்சே வராது. 1987 ஜனவரியோடு கள்ளுக்கடையை மூடினார்கள். பக்கத்தில் கேரளாவில் இன்றைக்கும் ஷாப்பில் விற்கிறது. நம் விவசாயிக்குப் போக வேண்டிய காசு மது ஆலைக்குப் போகிறது.

---

கணக்கர்_திருப்பூர் · சனி இரவு 11.31

வேலுமணி அண்ணா, கள் பற்றித் தனி இழையே தொடங்கலாம், நானும் வருகிறேன். இங்கே செலவோடு நிற்போம். தரமணி தம்பி, அந்தச் சம பங்கு விஷயம் இங்கேயும் உண்டு, ஆனால் பெயர் வேறு. "போன வாரம் அவன் வாங்கித் தந்தான், இந்த வாரம் நான் வாங்கணும்." இந்தக் கடன் தீரவே தீராது.

---

கட்டட_மேஸ்திரி · ஞாயிறு காலை 6.40

குடிக்கிறவன் காசை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான் வரும். எங்கள் தொழிலில் தளம் கான்கிரீட் போடுகிற நாள் என்றால் ஆளுக்கொரு குவார்ட்டரும் பிரியாணியும் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தளத்துக்கு ஆள் வராது. இருபத்தைந்து பேர் என்றால் பாட்டிலுக்கு மட்டும் மூவாயிரத்து ஐநூறு. வீட்டுக்காரர் தந்தால் அவர் காசு. தராவிட்டால் நான் தருவேன், எஸ்டிமேட்டில் வேறு பெயரில் ஏற்றுவேன். அந்த வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டிருக்க மாட்டார்.

விசேஷ வீடுகளும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு ஓர் அறை போட்டுத் தர வேண்டும். கெடா வெட்டு, காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம் எல்லாவற்றிலும் "தண்ணி" ஒரு செலவு. ஊர்ப் பழக்கம் என்று வட்டிக்கு வாங்கியாவது செய்கிறார்கள். என் தங்கை மகள் கல்யாணத்தில் சமையலுக்குக் காய்கறி வாங்கிய தொகையைவிட இது அதிகம். மொய் நோட்டில் வந்ததில் இருந்து கழித்தோம்.

---

முன்னாள்_சப்ளையர் · ஞாயிறு காலை 9.05

கடையை ஒட்டிய பார் ஒன்றில் சில வருடம் சப்ளை வேலை பார்த்தேன். எந்த ஊர், யாருடைய பார் என்பது வேண்டாம்.

சரக்கை விற்பது கடை. பார் எடுத்தவருக்கு அப்போது வருமானம் தீனியிலும் காலி பாட்டிலிலும்தான். அதற்கு ஏலத்தில் பெரிய தொகை கட்டியிருப்பார், அதை எடுத்தாக வேண்டும். அதனால் தண்ணீர், டம்ளர், ஊறுகாய் எதுவுமே வெளியே விற்கிற விலைக்கு வராது. முதல் தட்டு சுண்டலைக் கேட்காமலே வைத்துவிடுவோம். போதை ஏறிய பிறகு விலை கேட்கிற ஆள் ரொம்பக் குறைவு. முதல் அரைமணி நேரத்தில் பத்து ரூபாய்க்குச் சண்டை போட்டவர், போகும்போது ஐம்பது ரூபாய் டிப்ஸ் வைத்துவிட்டுப் போவார். அந்த ஐம்பது என் குடும்பத்துக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது எந்த வீட்டில் இருந்து வந்தது என்ற நினைப்பு போகவே போகாது.

"கட்டிங்" தெரியும்தானே? கையில் எழுபது ரூபாய் மட்டும் இருப்பவர் கடை வாசலில் நின்று, அதே எழுபதோடு நிற்கிற இன்னொருவரைத் தேடுவார். ஒருவருக்கு மற்றவர் பெயர்கூடத் தெரியாது. ஒரு குவார்ட்டரை வாங்கி ஆளுக்குத் தொண்ணூறு. காலையில் கட்டிங், மாலையில் குவார்ட்டர் என்று போகிறவர் வீட்டில் கேட்டால் "ஒரு குவார்ட்டர்தான்" என்பார். காலையில் போட்டதை எண்ணவே மாட்டார்.

கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும். அந்த நேரத்துக்கு வெளியே வேண்டுமென்றால் கள்ளத்தனமாக விற்பவரிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கை நடுங்குகிற ஆளுக்கு 12 மணி வரை பொறுக்க முடியாது. ஏற்கெனவே ரொம்ப முடியாதவர்தான் அதே சரக்குக்கு ஐம்பது, அறுபது ரூபாய் அதிகம் கொடுப்பார்.

---

காவிரிக்கரை · ஞாயிறு பகல் 1.20

எல்லா ஆண்களும் எழுதியாகிவிட்டது, நான் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். தஞ்சாவூர் மாவட்டம். அவர் பெயின்டர் வேலை. தினக்கூலி எண்ணூறு, வாரம் நான்கு நாள் வேலை இருந்தால் அதிகம்.

அவர் குடிக்கிற தொகை எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது என் பக்கத்துத் தொகைதான். வீட்டுக்கு வாரம் ஆயிரம் தருவார், மீதியைக் கேட்கக் கூடாது. அந்த ஆயிரத்தில் ஓடாதபோது மகளிர் குழுவில் எடுத்தேன். அதை அடைக்கத் தனியார் நுண்கடனில் எடுத்தேன். வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். தாலியில் கோத்திருந்த குண்டு, தோடு எல்லாம் அடகில். வட்டி மட்டும் மாதம் இரண்டாயிரத்து முந்நூறு கட்டுகிறேன். இதைக் குடிச்செலவு என்று யாரும் எழுத மாட்டார்கள். "பொம்பளை கடன் வாங்கிட்டா" என்றுதான் ஊர் பேசும்.

2023 செப்டம்பரில் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தபோது என் பெயரில் வந்த முதல் பணம் அது. 15ஆம் தேதி வாக்கில் வரும் என்று அவருக்கும் தெரியும். முதல் மூன்று மாதம் கேட்கவில்லை. அப்புறம் "ஒரு இருநூறு கொடு, சனிக்கிழமை தந்துடறேன்." கணக்கர் அண்ணா விலை போட்டிருப்பதால் சொல்கிறேன், அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஏழு குவார்ட்டர் வரும். ஒரு மாதத்துக்கு எனக்குக் கொடுப்பது அவருக்கு ஒரு வாரத்துக்குத்தான் காணும்.

---

தரமணிவாசி · ஞாயிறு பகல் 1.52

அக்கா, இதைப் படித்த பிறகு என் பன்னிரண்டாயிரத்தை எழுதியது கூசுகிறது. வட்டியை மட்டும் குறைக்க வழி இருக்கிறதா பாருங்கள். கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் வட்டி, அடகுக்கடையைவிட நிறையக் குறைவு. அங்கே மாற்றி வைக்க முடியுமா?

---

காவிரிக்கரை · ஞாயிறு பகல் 2.10

தோட்டை அப்படித்தான் மாற்றினேன் தம்பி. நுண்கடனுக்குத்தான் வழி தெரியவில்லை.

---

புள்ளிக்கோலம் · ஞாயிறு மாலை 4.30

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எண்களோடு வேலை செய்கிறவன்.

மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு 5,310 ரூபாய். இந்தியக் கிராமங்களில் வெற்றிலைபாக்கு, புகையிலை, மது உள்ளிட்ட போதைப் பொருள் மூன்றுக்கும் சேர்த்து 3.79 சதவீதம். அந்த விகிதத்தை நம் கிராமத்துக்குப் போட்டால் தலைக்கு மாதம் 200 ரூபாய். பீடி, ஹான்ஸ் புகையிலை, குவார்ட்டர் எல்லாம் அதற்குள்.

இப்போது அதே ஆண்டு டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வரியைப் பாருங்கள்: 44,121 கோடி ரூபாய். வாட் வரியும் ஆயத்தீர்வையும் சேர்ந்த தொகை இது. சரக்குக் கொள்முதல் விலையும் பார் செலவும் இதில் வராது. தமிழ்நாட்டு மக்கள்தொகை ஏழே முக்கால் கோடி என்று வைத்துக்கொண்டால், கைக்குழந்தை முதல் பாட்டி வரை தலைக்கு மாதம் 475 ரூபாய் வரி மட்டும். வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லாம் சேர்த்து 200, அரசு கஜானாவில் எண்ணினால் வரி மட்டுமே 475. நகரத்தில் செலவு அதிகம் என்று எவ்வளவு தள்ளிக் கொடுத்தாலும் இந்த இடைவெளி அடையாது. கேள்வி கேட்க வருகிறவருக்குப் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் பதில் சொல்கிறாள். மேலே காவிரிக்கரை சொன்னது போல அவளுக்குத் தொகை தெரியாது.

இன்னொரு பக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நான்கில் ஒருவர் குடிக்கிறார், பெண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. அப்படியானால் சுமார் 75 லட்சம் பேர். 2024-25இல் வருவாய் 48,344 கோடி. வகுத்தால் குடிக்கிற ஒவ்வொருவரும் மாதம் 5,300 ரூபாய்க்கு மேல் வரி மட்டும் கட்டுகிறார். ஆய்வில் பாதிப்பேர் மறைத்தார்கள் என்று வைத்து ஒன்றரைக் கோடிப் பேருக்குப் பிரித்தாலும் மாதம் 2,700 வரி. எப்போதாவது குடிக்கிறவர் இவ்வளவு கட்டுவதில்லை, ஆகவே தினம் குடிக்கிறவர் தலையில்தான் பெரும்பங்கு விழுகிறது. கணக்கர் சொன்ன பத்தாயிரம் எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

---

சேலத்து_வாத்தியார் · ஞாயிறு மாலை 5.45

புள்ளிக்கோலம் போட்ட கணக்குக்கு வயது தொண்ணூறு ஆகப்போகிறது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். சாராய வருமானம் போனால் கஜானா என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் 1939இல் விற்பனை வரி வந்தது. அதாவது குடியை நிறுத்தினால் வருகிற ஓட்டையை அடைக்க ஒரு வரி. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியது, 1974க்குள் மறுபடி மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். காலத்தில் திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் ஜெயலலிதா அரசு டாஸ்மாக்கிடமே கொடுத்தது. மதுவுக்குப் போட்ட விலக்கு போய்விட்டது. அந்த இழப்புக்காக வந்த விற்பனை வரி போகவில்லை. இன்றைக்கு அதன் வாரிசான வாட் வரிதான் பாட்டிலில் பெரும்பங்கு.

மதுவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே வைத்திருக்கிறார்கள், ஆகவே விகிதத்தை மாநிலமே ஏற்றலாம். பணம் தேவைப்படும்போது எந்தக் கட்சி ஆண்டாலும் கை அங்கேதான் போகும். குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் போராட்டம் நடத்த ஆள் வராது. குடிக்கிறவரே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். பால் விலையில் இரண்டு ரூபாய் ஏற்றிப் பாருங்கள்.

எனக்கு இந்தக் கடைகள் மூடப்பட வேண்டும் என்பதில் இரண்டு எண்ணம் இல்லை. 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்ட சசிபெருமாள் எங்கள் மாவட்டத்துக்காரர். அவர் கேட்டது ஊருக்குள், வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கும் அருகில் இருந்த ஒரு கடையை அகற்றச் சொல்லி.

---

வடசென்னை_72 · ஞாயிறு இரவு 7.10

ஐயா, மூடினால் செலவு குறையும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கடை திறந்திருக்கும்போதே அந்த நிலை. அங்கே போனவர்கள் ஆசைக்குப் போகவில்லை, 140 ரூபாய் இல்லாமல் போனார்கள். பாக்கெட் அதில் பாதி விலைக்கும் கீழே. முந்தின வருடம் மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு. விலையை ஏற்ற ஏற்ற அடியில் இருப்பவன் அந்தப் பக்கம் தள்ளப்படுகிறான். பீகாரில் 2016இல் இருந்து மதுவிலக்கு. அங்கேயும் கள்ளச்சாராயச் சாவு நிற்கவில்லை.

---

சேலத்து_வாத்தியார் · ஞாயிறு இரவு 7.40

மூடுவதென்றால் ஒரே இரவில் பூட்டு போடுவது என்று நான் சொல்லவில்லை. 2016இலும் 2017இலும் ஐநூறு ஐநூறாகக் குறைத்தார்கள், 2023 ஜூனில் இன்னும் ஐநூறு போய் 4,829 ஆயிற்று. வருமானமோ ஏறிக்கொண்டேதான் போனது. ஆகவே வெறும் கடை எண்ணிக்கையைக் குறைப்பது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கள்ளச்சாராயம் வரும் என்று பயந்து, நாற்பத்தெட்டாயிரம் கோடியைக் கூலிக்காரன் பையில் இருந்து எடுத்துக்கொண்டே இருக்கலாம் என்பதை ஏற்க முடியாது. அந்தத் தொகையில் எத்தனை மறுவாழ்வு மையம் நடத்தலாம்? ஒவ்வொரு தாலுகாவிலும் படுக்கையோடு ஒன்று இருக்கிறதா? கள்ளச்சாராயத்தைத் தடுக்க போலீஸ் இருக்கிறது, குடிநோயாளிக்கு யார் இருக்கிறார்கள்?

---

வடசென்னை_72 · ஞாயிறு இரவு 7.58

மறுவாழ்வு மையம் பற்றிச் சொன்னதில் நூறு சதவீதம் உங்களோடு நிற்கிறேன் ஐயா. அதைச் செய்த பிறகுதான் கடையைத் தொட வேண்டும் என்பது மட்டும்தான் என் கட்சி.

---

புதுவைக்காரன் · ஞாயிறு இரவு 8.15

விலை குறைவு என்று எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பற்றி ஒன்று. பாட்டிலுக்கு ஐம்பது, நூறு மிச்சம் என்பது உண்மை. அதற்காகக் கார் பெட்ரோல், ரூம், சாப்பாடு என்று ஆளுக்கு நாலாயிரம் செலவழித்துவிட்டுப் போகிறார்கள். விலை குறைவு என்பதால் குடிப்பதும் இரண்டு மடங்கு. இங்கே 18 வயது ஆனால் போதும், உங்கள் பக்கம் 21. கல்லூரிப் பையன்கள் வண்டி வண்டியாக வருவதற்கு அது ஒரு காரணம். ராத்திரி இ.சி.ஆரில் திரும்பிப் போகிறவர்களை நினைத்தால்தான் பயம்.

---

நாமக்கல்_லாரி · ஞாயிறு இரவு 9.30

டிரைவர்களுக்குச் சம்பளம் வேறு, பேட்டா வேறு. சம்பளம் வீட்டுக்குத் தெரியும், பேட்டா தெரியாது. ஆகவே குடி முழுக்க பேட்டாவில் நடக்கும். "சம்பளத்தை அப்படியே கொடுத்துடறேன், ஒரு பைசா தொடமாட்டேன்" என்று எத்தனையோ பேர் பெருமையாகச் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். பேட்டா என்பது வழிச் சாப்பாட்டுக்கு. அதில் குடித்துவிட்டு ரெண்டு வேளை டீயும் பன்னும் தின்று வண்டி ஓட்டினால் உடம்பு என்ன ஆகும்?

நான் விட்டு ஆறு வருடம். அப்போது குவார்ட்டர் விலை இவ்வளவு இல்லை. இன்றைய விலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும். தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு) இருக்கிறது, 2023 அக்டோபரில் 6.7 சதவீதம் ஆக்கினார்கள். அந்த வட்டிக்கு மாதம் நாலாயிரம் போட்டால் முடிவில் இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். கட்டுவது 2,40,000, மீதி வட்டி. தினம் ஒரு குவார்ட்டருக்கு ஆகிற காசைவிடக் கொஞ்சம் குறைவுதான் இது. நான் போட்டதில் மூத்தவளின் நர்சிங் படிப்புக்கு முதல் இரண்டு வருடக் கட்டணம் கட்டினேன்.

---

செவிலி_மதுரை · ஞாயிறு இரவு 10.05

நாமக்கல் அண்ணன் விட்டது பெரிய விஷயம். ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது நாளைக் காலையில் இருந்து திடீரென்று நிறுத்தப் போகிறார்கள் என்றால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

நம் ஊர்ச் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மி.லி.யில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். மருத்துவக் கணக்கில் பத்து கிராம் ஓர் அளவு. ஆக, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு. இதைப் பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் ஆள் மாறிப் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது வரலாம். உயிர் போகிற அளவுக்கு ஆபத்தானது அது. வீட்டில் "பேய் பிடிச்சிருக்கு" என்று கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டு மூன்றாம் நாள் எங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் நாளே வந்தால் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பத்திரமாக இறக்கிவிட முடியும். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொன்ன கணவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்த குடும்பத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பு இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செலவைப் பற்றியும் ஒன்று. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு இல்லை. ஆனால் கூட இருக்கிற மனைவிக்கும் அம்மாவுக்கும் வேலை போகிறது. கல்லீரல் வீங்கிப் படுத்தவருக்குத் துணையாக மாதக்கணக்கில் இருக்கிற பெண்களின் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

---

காவிரிக்கரை · ஞாயிறு இரவு 10.22

அக்கா, எங்கே அழைத்துப் போவது? அவரே போன மாதம் ஒரு நாள் "விட்டுடலாம்னு இருக்கு" என்றார். மறுநாள் கேட்டால் கோபப்பட்டார். தனியார் மையம் ஒன்றில் கேட்டேன், மாதம் பதினைந்தாயிரம் என்றார்கள். பூட்டி வைப்பார்களாம். பயமாக இருக்கிறது.

---

செவிலி_மதுரை · ஞாயிறு இரவு 10.40

பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டாம் தங்கச்சி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடிநோய்க்கும் அங்கேதான் பார்ப்பார்கள். வெளிநோயாளிச் சீட்டு போட்டு அந்தப் பிரிவைக் கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் எந்த இடம் அருகில் என்று சொல்வார்கள், அது இலவசம். அவர் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம், திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

கோபமாக இருக்கும்போது கேட்காதீர்கள். காலையில் உடம்பு முடியவில்லை என்று அவரே சொல்கிற நேரம் வரும், அப்போது "டாக்டர்கிட்ட போலாமா" என்று மட்டும் கேளுங்கள். குடியைப் பற்றிப் பேச வேண்டாம்.

---

கணக்கர்_திருப்பூர் · திங்கள் மதியம் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். இன்றைக்கும் எங்கள் லைனில் நான்கு மெஷின் காலி.

இழையைத் தொடங்கும்போது குடிக்கிறவர் பையில் இருந்து போவதைத்தான் எண்ணலாம் என்றிருந்தேன். வந்த பதில்களில் பாதிச் செலவு வேறொருவர் நோட்டில் இருக்கிறது. மேஸ்திரியின் எஸ்டிமேட், காவிரிக்கரை தங்கச்சியின் வட்டி, துணைக்கு இருக்கிற அம்மாவின் கூலி, என் அட்வான்ஸ் நோட்டு. நான் கேட்ட ஆட்கள் 4,200 என்று சொன்னது பொய் இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

எங்களால் செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். முதலாளியிடம் பேசி, விரும்புகிறவர்களுக்குச் சனிக்கிழமை கையில் தராமல் திங்கள்கிழமை வங்கியில் போடுகிறோம். சேர்ந்தவர்கள் பத்துப் பேர்தான். அதில் சிலர் தாங்களாகவே வங்கிக்குப் போய், சம்பளம் விழுந்த மறுநாள் ஒரு தொகை மனைவி கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனைவி வந்து கேட்டால் எங்களால் தர முடியாது, அது அவருடைய கூலி, அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் திங்கள் சம்பளம் என்று ஆன பிறகு அந்தப் பத்துப் பேரில் திங்கள் லீவு எடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். புதன்கிழமை அட்வான்ஸ் கேட்பது நிற்கவில்லை, தொகை குறைந்திருக்கிறது.

---

முன்னாள்_சப்ளையர் · திங்கள் மதியம் 2.40

சனிக்கிழமைதான் பாருக்குத் திருவிழா அண்ணா. நீங்கள் நாளை மாற்றினால் கூட்டமும் அந்த நாளுக்கு மாறும் என்று நினைத்தேன். மறுநாள் வேலை இருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள் போல.

---

காவிரிக்கரை · திங்கள் இரவு 8.50

14446க்குக் கூப்பிட்டேன். தமிழில் பேசினார்கள். மருத்துவக் கல்லூரியிலேயே பார்க்கலாம் என்றார்கள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் நான் மட்டும் போகிறேன். செவிலி அக்கா, அவருடைய ஆதார் எடுத்துப் போக வேண்டுமா?

---

செவிலி_மதுரை · திங்கள் இரவு 9.15

நகல் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் பேசலாம். அதைவிட முக்கியம், அவர் எத்தனை வருடமாகக் குடிக்கிறார், காலையில் எழுந்ததும் குடிக்கிறாரா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதுதான்.